கறுப்பு நகச்சுத்தி: மெலனோமா என்ற நோயின் வரலாறும் ஒரு குதிக்காலும்

எங்கட போர்டிங் அறைச் சுவரில் ஒரு பொப் மார்லி போஸ்டர் இருக்கிறது. நாங்கள் ஒட்டியதல்ல. எங்களுக்கு முன்னர் இருந்த சீனியர்மார் ஒட்டிவிட்டுப் போனது, மூலை கிழிந்து டேப்பில் நிற்கிறது. ஒருநாள் பின்னேரம் மின்சாரம் இல்லாத நேரத்தில் "இந்தாள் எப்படிச் செத்தவர்?" என்று ஒரு கேள்வி வந்தது. கஞ்சா என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி எங்கேயோ யூடியூபில் பார்த்ததை வைத்து, சீஐஏ அவருடைய சப்பாத்துக்குள் செப்புக் கம்பி வைத்துக் கொன்றது என்றாள். தோற்புற்றுநோய் என்று ஒருவருக்கும் தெரியாது. பிறகு தேடிப் பார்த்தபோது நம்பவே கஷ்டமாக இருந்தது. கறுப்பு மனுசருக்குத் தோற்புற்றுநோய் வருமா?

அந்தக் கேள்வியை அதோடு விட்டிருப்போம். ஆனால் நாலு மாதம் கழித்து, எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவுக்கு அதே நோய் என்று பயொப்ஸி ரிப்போர்ட் வந்தது. குதிக்காலில். அம்மம்மா கிளிநொச்சிப் பக்கத்தில் வாழ்க்கை முழுக்க வெறுங்காலோடு வயலில் நின்றவர். குதிக்காலில் ஒரு கறுப்புப் படை வந்தபோது "முள்ளு ஏதும் ஏறியிருக்கும்" என்று மஞ்சள் அரைத்துப் பூசினார். வீட்டில் எல்லாரும் அதைத்தான் நம்பினோம். பிறகு புண்ணாகியது. ஒரு டிஸ்பென்சரியில் பங்கஸ் என்று களிம்பு தந்தார்கள். இன்னோரிடத்தில் சீனி வருத்தக்காரரின் புண் என்று மருந்து கட்டினார்கள். அம்மம்மாவுக்குச் சீனி வருத்தமும் இருந்தபடியால் அது பொருத்தமாகத்தான் தெரிந்தது. இப்படியே பதினொரு மாதம் போனது.

நாங்கள் மருத்துவபீட மாணவர்கள் இல்லை. கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறோம். எங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில்தான் இந்த நோயை விளங்கிக்கொள்ளப் பார்த்தோம்: இதை யார், எப்போது, யாருடைய உடம்பில் கண்டார்கள் என்று தேடினோம்.

முதலில் நோய் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் தோலின் மேற்படையின் அடியில் மெலனோசைற் என்ற கலங்கள் இருக்கின்றன. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனினை இவைதான் செய்கின்றன. வெள்ளையருக்கும் எங்களுக்கும் இந்தக் கலங்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. அவை செய்யும் மெலனினின் அளவிலும் வகையிலும்தான் வித்தியாசம். இந்தக் கலங்கள் கட்டுப்பாடு இழந்து பெருகினால் அதுதான் மெலனோமா. மற்றத் தோற்புற்றுநோய்களை விட இது அரிது, ஆனால் கனக்க ஆபத்தானது. ஏனென்றால் இது தோலோடு நிற்பதில்லை. நிணநீர் வழியாகவும் இரத்தம் வழியாகவும் ஈரல், சுவாசப்பை, மூளை என்று போய்விடும்.

நோய் புதியதல்ல. பெரு நாட்டில் கிடைத்த ஏறத்தாழ 2400 வருடப் பழமையான மம்மிகளின் எலும்புகளில் இந்த நோய் பரவிய அடையாளங்களை 1960களில் கண்டிருக்கிறார்கள். எழுத்தில் தெளிவாக வருகிற முதல் கதை ஜோன் ஹண்டருடையது. 1787இல் லண்டனில் அவர் 35 வயது ஆண் ஒருவரின் தாடைக்குப் பின்னால் இருந்த கட்டியை வெட்டி எடுத்தார். ஒரு பகுதி கறுப்பாக இருந்தது. என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. விளங்காததை எறியாமல் போத்தலில் போட்டு வைத்தார். 1968இல் அதே இழையத்தை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, மெலனோமாதான் என்று உறுதி செய்தார்கள். 180 வருடம் ஒரு போத்தலுக்குள் காத்திருந்த நோயறிக்கை! அந்தப் போத்தல் லண்டனில் சத்திரசிகிச்சை நிபுணர் கல்லூரியின் ஹண்டேரியன் மியூசியத்துக்குரியது. ஆவணக்காப்பகத்தில் தூசி தட்டுகிற எங்களுக்கு இந்தக் கதையில் ஒரு தனிப் பிரியம் இருப்பதை மறைக்கவில்லை.

நோயைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டியவர் ரெனே லெனெக். ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த அதே லெனெக்தான். ஆனால் அதற்குக் கனகாலம் முன்னரே, 1804இல், பாரிஸில் இதைப் பற்றி ஒரு விரிவுரை வைத்தார். அப்போது அவருக்கு 23 வயது. எங்கட வயசுதான். உடலைத் திறந்தால் சுவாசப்பையில் கறுப்பு இருப்பது அந்தக் காலத்தில் சாதாரணம், புகையும் கரியும் படிந்தாலும் கறுக்கும். அந்தக் கறுப்பு வேறு, இந்தக் கறுப்புக் கட்டிகள் வேறு என்று சொல்லி, கிரேக்கச் சொல்லில் இருந்து "மெலனோஸ்" என்று பெயரும் வைத்தார். 1806இல் கட்டுரை அச்சில் வந்தபோது அவருடைய ஆசிரியர் டுப்யூட்ரன் சும்மா இருக்கவில்லை. அது தன்னுடைய கண்டுபிடிப்பு, மாணவன் தனக்குரிய பெயரை எடுத்துக்கொண்டான் என்று சண்டைக்கு வந்தார். லெனெக்கும் விட்டுக்கொடுக்காமல் பதில் எழுதினார். ஆய்வேடு எழுதி சுப்பவைசரிடம் கொடுத்திருக்கிற எங்கட நண்பர்கள் இந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்கலாம்.

எங்களுக்குக் கனக்கப் பிடித்தவர் பாரிஸ்காரரோ லண்டன்காரரோ இல்லை. வில்லியம் நொரிஸ் என்ற ஊர் வைத்தியர். இங்கிலாந்தில் ஸ்ரௌபிரிட்ஜ் என்ற சிறு பட்டினத்தில் இருந்தவர். 1820இல் 59 வயதுக்காரர் ஒருவரின் வயிற்றில் இருந்த மச்சம் கட்டியாகி உடல் முழுக்கப் பரவியதை எழுதினார். ஊர் வைத்தியர் என்பதால் அவருக்குக் குடும்பம் தெரியும். அந்த மனிதரின் தகப்பனும் இதே மாதிரி நோயில்தான் செத்தவர், பிள்ளைகளுக்கும் கன மச்சங்கள் இருக்கின்றன என்று கவனித்து, இது பரம்பரையில் வரக்கூடியது என்று எழுதினார். மரபணு என்ற சொல்லே இல்லாத காலம்! 1857இல் எட்டு நோயாளிகளின் கதைகளைச் சேர்த்து வெளியிட்டபோது, மச்சத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பையும், கொஞ்சமாக வெட்டினால் அதே இடத்தில் திரும்பி வருகிறது என்பதையும் சொல்லிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளி வருவார், போவார். ஊரில் ஒரே வைத்தியர் முப்பது நாற்பது வருடம் அதே குடும்பத்தைப் பார்க்கிறார். அந்த நெடுங்காலப் பார்வைதான் அவருடைய ஆய்வுகூடம்.

"மெலனோமா" என்ற பெயர் 1838இல் ரொபர்ட் கார்ஸ்வெல்லிடம் இருந்து வந்தது. 1840இல் சாமுவேல் கூப்பர், பரவிவிட்டால் செய்ய ஒன்றுமில்லை, வேளைக்கு வெட்டி எடுப்பதுதான் ஒரே வழி என்று எழுதினார். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேலாகச் சிகிச்சை என்றால் கத்திதான்.

எவ்வளவு வெட்டுவது? இங்கேதான் வரலாற்றின் விசித்திரமான ஒரு பக்கம் வருகிறது. 1907இல் லண்டனில் வில்லியம் சம்ப்சன் ஹான்ட்லி இந்த நோயில் இறந்த ஒரு பெண்ணின் உடலைத் திறந்து, நோய் நிணநீர் வழியாக எப்படிப் பரவியிருக்கிறது என்று நுணுக்கமாகப் பார்த்தார். அதை வைத்து, கட்டியைச் சுற்றிலும் அடியிலும் அகலமாக வெட்ட வேண்டும், நிணநீர்க் கணுக்களையும் எடுக்க வேண்டும் என்றார். ஒரே ஒரு உடல். ஆனால் அதற்குப் பிறகு ஐம்பது வருடத்துக்கும் மேலாக உலகம் முழுக்கச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் அதைத்தான் பின்பற்றினார்கள். சுற்றிவர 5 சென்ரிமீற்றர் வெட்டுவது வழக்கமாகியது. ஒரு சின்ன மச்சத்துக்காகத் தொடையில் கோப்பை அளவுக் குழி. 1988இல்தான் ஒரு சர்வதேசப் பரிசோதனையின் முடிவு வந்தது: மெல்லிய கட்டிகளுக்கு 1 சென்ரிமீற்றர் வெட்டினாலும் 3 சென்ரிமீற்றர் வெட்டினாலும் உயிர்தப்புவதில் வித்தியாசம் இல்லை. ஹான்ட்லியில் பிழை சொல்ல எங்களுக்கு மனமில்லை. அவர் தன் கையில் இருந்ததை வைத்துச் சொன்னார். பின்னால் வந்தவர்கள் எண்பது வருடம் அதைத் திருப்பிக் கேட்காமல் இருந்ததுதான் கேள்வி.

அகலம் முக்கியமில்லை, ஆழம்தான் முக்கியம் என்று காட்டியவர் அமெரிக்காவில் அலெக்ஸாண்டர் பிரெஸ்லோ. 1970இல் 98 நோயாளிகளின் கட்டிகளை எடுத்து, நுணுக்குக்காட்டிக்குள் பொருத்திய அளவுகோலால் அவற்றின் தடிப்பை மில்லிமீற்றரில் அளந்தார். 0.76 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்த எவருக்கும் நோய் திரும்பவில்லை. இது ஒரு மில்லிமீற்றரும் இல்லை. அந்தளவு தூரத்துக்குள் ஒருவரின் வாழ்க்கை இருக்கிறது. அம்மம்மாவின் ரிப்போர்ட்டில் "பிரெஸ்லோ தடிப்பு" என்ற வரியைப் பார்த்தபோது எங்களுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே தெரிந்திருந்தது. பக்கத்தில் இருந்த எண் 4க்கு மேல்.

இப்போது வெயிலுக்கு வருவோம். தோற்புற்றுநோய் என்றவுடனே வெயில் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அந்தத் தொடர்பை எண்களில் காட்டியவர் ஹென்றி லான்காஸ்ரர் என்ற அவுஸ்திரேலியப் புள்ளிவிபரவியலாளர். 1956இல் ஐரோப்பிய வம்சாவளியினரின் மரணப் பதிவுகளை ஒப்பிட்டு, பூமத்திய கோட்டுக்குக் கிட்டப் போகப்போக மெலனோமா மரணங்கள் கூடுகின்றன என்று எழுதினார். அதை வரலாறாக வாசித்தால் வேறொரு கதை தெரிகிறது. மேகம் மூடிய நாட்டுக்குப் பழகிய தோலோடு பிரித்தானியாவில் இருந்தும் அயர்லாந்தில் இருந்தும் ஆட்களைக் கப்பலில் ஏற்றிக் குவீன்ஸ்லாந்து வெயிலில் இறக்கிவிட்டது குடியேற்றவாதம். பல்லாயிரம் வருடம் அங்கேயே வாழ்ந்த பழங்குடிகளிடம் இந்த நோய் மிகக் குறைவு. எங்கட மலைநாட்டில் வெள்ளைக்காரத் துரைமார் தலையில் வைத்திருந்த கடினத் தொப்பியைப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் அவர்கள் வெயிலுக்கு அந்தளவு பயந்தார்கள். பிறகு இருபதாம் நூற்றாண்டில் அலை மற்றப் பக்கம் திரும்பியது. விடுமுறையில் கடற்கரையில் படுத்துத் தோலை மண்ணிறமாக்குவது வசதியின் அடையாளமாகியது. அங்கே கறுக்கப் படுத்தார்கள், இங்கே வெளுக்கக் கிறீம் பூசினோம். இரண்டுக்கும் காசு வாங்கியவர்கள் ஒரே சந்தையில்தான் இருந்தார்கள்.

அவுஸ்திரேலியா பாடம் படித்தது. 1981இல் விக்டோரியா மாநிலத்தில் சிட் என்ற கடற்புறா பாட்டுப் பாடி, சட்டை போடு, கிறீம் பூசு, தொப்பி வை என்று தொலைக்காட்சியில் சொன்னது. இன்றைக்கும் அங்கே கனக்கப் பள்ளிக்கூடங்களில் தொப்பி இல்லாவிட்டால் வெளியில் விளையாட்டு இல்லை. மெல்பேர்னில் இருக்கிற எங்கட சித்திமாரின் பிள்ளைகளும் அந்தத் தொப்பியோடுதான் வளர்கிறார்கள்.

அறிகுறிகளைச் சனத்துக்கு விளங்கும்படி சொன்னதும் இதே காலத்தில்தான். 1985இல் நியூயோர்க் பல்கலைக்கழக வைத்தியர்கள் ஏ, பீ, சீ, டீ என்று நாலு எழுத்தில் ஒரு சூத்திரம் செய்தார்கள். மச்சத்தின் ஒரு பாதி மறுபாதி போல இல்லை. ஓரம் ஒழுங்கில்லை. ஒரே நிறமாக இல்லாமல் கறுப்பு, மண்ணிறம், சிவப்பு, நீலம் என்று கலந்திருக்கிறது. குறுக்களவு 6 மில்லிமீற்றருக்கு மேல், அதாவது பென்சிலின் பின்பக்க அழிறப்பர் அளவுக்கு மேல். 2004இல் ஐந்தாவதாக ஈ சேர்ந்தது: மச்சம் மாறுகிறது. வளர்கிறது, தடிக்கிறது, கடிக்கிறது, இரத்தம் கசிகிறது. இந்த ஐந்தில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைக்க ஏலும் என்றால் கடைசியை வையுங்கள்.

ஆனால் அந்தச் சூத்திரம் முதன்மையாக வெள்ளைத் தோலில், வெயில் படும் இடத்தில் வரும் மெலனோமாவைப் பார்த்துச் செய்தது. எங்களைப் போன்ற தோலுக்கு மெலனின் வெயிலில் இருந்து நல்ல காப்புத் தருகிறது. அதனால் எங்களிடம் இந்த நோய் அரிது. வந்தால் கூடுதலாக வருவது வெயில் படாத இடங்களில்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில். இந்த வகைக்கு வெயில் காரணமில்லை. அமெரிக்க நோயியலாளர் ரிச்சர்ட் ரீட் இதைத் தனி வகையாகப் பிரித்து எழுதியது 1976இல். அடுத்த வருடம்தான் மார்லியின் கதை.

1977இல் காற்பந்து விளையாடும்போது மார்லியின் வலது பெருவிரலில் அடிபட்டது. புண் ஆறவில்லை. பந்து பட்ட காயம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். லண்டனில் பரிசோதித்தபோது நகத்துக்கு அடியில் மெலனோமா என்று தெரிந்தது. பந்து நோயைக் கொண்டுவரவில்லை, ஏற்கெனவே இருந்ததைக் காட்டிக்கொடுத்தது. விரலை எடுக்கச் சொன்னார்கள். அவர் ரஸ்தஃபாரி நம்பிக்கைக்காரர், உடம்பை வெட்டுவதை ஏற்கவில்லை. மேடையில் ஆடுகிற கால் என்பதும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். நகப் படுக்கையை எடுத்து, வேறு இடத்துத் தோலை வைத்துத் தைத்தார்கள். 1980 செப்டெம்பரில் நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஓடும்போது விழுந்தார். அப்போது மூளை வரை பரவியிருந்தது. 1981 மே 11, மயாமியில் இறந்தார். வயது 36. கடற்புறா தொலைக்காட்சியில் பாடியதும் அதே வருடம்தான்.

எங்களைக் கோபப்படுத்தியது வேறொன்று. 1886இலேயே லண்டனில் ஜொனதன் ஹட்சின்சன் இந்த நகப் புற்றுநோயைப் பற்றி எழுதிவிட்டார். அவர் அதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் "கறுப்பு நகச்சுத்தி". நகச்சுத்தி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், ஆனால் நகத்தைச் சுற்றியுள்ள தோலில் கறுப்பு கசிந்து படர்ந்திருக்கும், அதைக் கவனியுங்கள் என்றார். இன்றைக்கும் அந்த அடையாளத்துக்கு அவருடைய பெயர்தான். ஆக, தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தது பாடப்புத்தகத்தின் ஒரு மூலையில் இருந்தது. படங்களில் இருந்ததோ வெள்ளை முதுகுகள். எங்கட அம்மம்மாவின் குதிக்காலைப் பார்த்த இரண்டு இடத்தவர்களும் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் கண்ணில் அந்தப் படம் பதியவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே எங்கட தோலுக்கான அறிகுறிகளைத் தனியாக எழுதுகிறோம். நகத்தில் நீளவாக்கில் ஒரு கறுப்புக் கோடு புதிதாக வந்து, அகலமாகிக்கொண்டே போவது. அந்தக் கறுப்பு நக ஓரத் தோலுக்கும் படர்வது. உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ ஒழுங்கில்லாமல் பெரிதாகும் கறுப்புப் படை. அடிபட்ட ஞாபகமே இல்லாமல் வந்து, வாரக்கணக்கில் ஆறாத, இரத்தம் கசியும் புண். சிலவேளை கறுப்பே இல்லாமல் சிவந்த தசை போலவும் இருக்கும், அது இன்னும் ஏமாற்றும். நகத்தில் கோடு இருந்தால் எல்லாம் புற்றுநோய் இல்லை. எங்களைப் போன்ற தோல்காரருக்குப் பல விரல்களில் மெல்லிய கோடுகள் சும்மாவே வருவது சகஜம். ஒரே விரலில், பெரியவரானபின் புதிதாக வந்து மாறிக்கொண்டிருந்தால் காட்ட வேண்டும். காட்டும்போது "பயொப்ஸி எடுக்கத் தேவையில்லையா?" என்று வாய் திறந்து கேளுங்கள். வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் வாய் திறப்பது எங்கட வீடுகளில் பழக்கமில்லாத காரியம்தான்.

சிகிச்சையின் கதையில் நல்ல பகுதி மிகச் சமீபத்தில்தான் வருகிறது. பரவிய மெலனோமாவுக்கு 1970களில் வந்த டகார்பசின் என்ற மருந்து சிலருக்குக் கட்டியைச் சுருக்கியது, ஆயுளைப் பெரிதாகக் கூட்டவில்லை. பெரும்பாலானவர்கள் ஒரு வருடத்துக்குள் போய்விடுவார்கள். 1990களில் ஜேம்ஸ் அலிசன் என்ற விஞ்ஞானி வேறு திசையில் யோசித்தார். எங்கள் நோயெதிர்ப்புக் கலங்களுக்கு ஒரு பிரேக் இருக்கிறது. புற்றுநோயைத் தாக்காமல் அது தடுக்கிறது. புற்றுநோயை விட்டுவிட்டு அந்தப் பிரேக்கைக் கழற்றினால் என்ன? எலிகளில் அது வேலை செய்தது. ஜப்பானில் தசுக்கு ஹொன்ஜோ இன்னொரு பிரேக்கைக் கண்டிருந்தார். 2011இல் இபிலிமுமாப், 2014இல் பெம்ப்ரோலிசுமாப் என்று மருந்துகள் வந்தன. 2018இல் இருவருக்கும் நோபல் பரிசு. முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 2015இல், 90 வயதில், ஈரலிலும் மூளையிலும் மெலனோமா. சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு, பெம்ப்ரோலிசுமாப் என்று போனது. சில மாதங்களில் புற்றுநோய் தென்படவில்லை என்று அறிவித்தார். 2024 டிசம்பரில் நூறு வயதில் காலமானார். இப்படியான இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த ஒரு பெரிய ஆய்வில் ஐந்து வருடம் கழித்தும் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் உயிரோடு இருந்தார்கள்.

ஆனால் உள்ளங்கால் வகைக்கு இந்த மருந்துகள் அந்தளவுக்கு வேலை செய்வதில்லை. விலையும் சாதாரணக் குடும்பம் யோசிக்கிற விலை இல்லை. எங்களுக்கு இருந்தது இன்னமும் சாமுவேல் கூப்பரின் 1840ஆம் ஆண்டு வழிதான்.

அம்மம்மாவுக்குக் குதிக்காலில் ஒரு பகுதியை வெட்டி, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். கவட்டில் நெறி கட்டியிருந்தது, அந்தக் கணுக்களையும் எடுத்தார்கள். ஒன்றில் நோய் இருந்தது. கால் வீங்குகிறது, அதற்கு இறுக்கமான மேசு போட வேண்டும். அதைப் போட அம்மம்மாவுக்கு விருப்பமில்லை, "நான் என்ன வெள்ளைக்காரியே" என்பார். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருக்கால் கிளினிக். லீவில் வீட்டுக்குப் போகும்போது அவருடைய இரண்டு உள்ளங்காலையும் இருபது நகத்தையும் போன் ரோச் அடித்துப் பார்க்கிறோம். கூச்சமாக இருக்கிறது என்று காலை இழுப்பார். போன தரம் எங்கட காலையும் காட்டச் சொல்லி அவரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அடுத்த கிளினிக் ஆவணியில்.